மணல் தரை, 8 மீட்டரில் குடிதண்ணீர்க் கிணறு, பனங்கை ஓட்டு வீடு: செல்லுக்கு (கரையானுக்கு) எந்த மருந்து, எத்தனை லிட்டர்?

#1 பெரியபட்டினத்தான்

வீட்டு விவரத்த முதல்ல சொல்லிடுறேன். பெரியபட்டினம், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே. பின்பகுதி பழைய ஓட்டு வீடு, பனங்கை (ஓட்டைத் தாங்குற பனைமரக் கை), பனஞ்சட்டம். முன்பகுதி கான்கிரீட் போட்ட 2 அறை. மொத்தமா வெளி அளவு 9 மீட்டருக்கு 12. தரை முழுக்க மணல். கிணறு தென்சுவரிலிருந்து 8 மீட்டர், குடிக்கிறது அந்தத் தண்ணிதான்.

முன்னறை நிலைக்காலில் மண் பாதை ஏறியிருக்கு. பின்னால பரணுக்கு மேல பனங்கையிலிருந்து கசகசா மாதிரி பொடி கொட்டுது, கூட்டினா மறுநாளும் கிடக்கு. மருந்தடிக்க வந்தவங்க ரெண்டுக்கும் ஒரே மருந்து, ஒரே விலை, 10 வருஷ உத்தரவாதம்னு சொல்றாங்க. மூணு கேள்வி: எந்த மருந்து, எத்தனை லிட்டர், கிணற்றுக்கு என்ன பாதுகாப்பு?

#2 புற்றடி

உங்கள் வீட்டில் இருப்பது ஒரு பூச்சி அல்ல, இரண்டு. அதனால் "ஒரே மருந்து" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுவிடுகிறது.

நிலைக்காலில் மண் பாதை கட்டுவது மண்ணடிக் கரையான். அதன் கூடு தரைக்குக் கீழே, சில நேரம் பக்கத்துத் தோட்டத்தில்கூட இருக்கும். ஈரம் இல்லாமல் அதனால் உயிர்வாழ முடியாது. அதற்காகத்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டி அதற்குள்ளேயே நடக்கிறது. மண்ணில் மருந்து போட்டு வழியை மறித்தால் போதும்.

பனங்கையில் கொட்டுவது உலர்மரக் கரையானின் கழிவு. கடலோரக் காற்றின் ஈரப்பதமே அதற்குப் போதும், மண்ணோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளாது. ஒரே கைக்குள் கூடு, இரை, குஞ்சு எல்லாம் முடிந்துவிடும். தரையில் 500 லிட்டர் ஊற்றினாலும் அதற்குத் தெரியக்கூடப் போவதில்லை. மரத்துக்குள் ஊசி போட்டால்தான் உண்டு.

பொடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாக, ஒரே அளவில் இருந்தால் உலர்மரக் கரையான். மாவு மாதிரி நைஸாக இருந்து மரத்தில் குண்டூசி அளவு வட்ட ஓட்டைகள் தெரிந்தால் அது உளு வண்டு, கரையானே இல்லை.

மண் பாதையை முழுக்கச் சுரண்டிவிடாதீர்கள். நடுவில் 2 அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு 3 நாள் கழித்துப் பாருங்கள். ஒட்டுப் போட்டிருந்தால் போக்குவரத்து நடக்கிறது. வறண்டு அப்படியே கிடந்தால் அந்தப் பாதை கைவிடப்பட்டது, ஆனால் வேறு பாதை இல்லை என்று அர்த்தமில்லை.

#3 உச்சிப்புளி_கொத்தனார்

பெரியபட்டினத்தாரே, மண் பக்கத்து வேலை எப்படிங்கிறத நான் சொல்றேன். மரத்து வேலைக்கு மண்டபத்து ஆசாரி வருவாரு.

வெளிப்பக்கம்: சுவர ஒட்டி 30 செ.மீ அகலம், 50 செ.மீ ஆழத்துக்கு வானம் (பள்ளம்) தோண்டணும். கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) அடிக்குக் கீழ போகாதீங்க, மணல் சரிஞ்சா செவுரு உக்காந்துரும். மொத்தச் சுற்றையும் ஒரே நாள்ல தோண்டிப் போடாதீங்க, 3 மீட்டர் 3 மீட்டரா தோண்டி, மருந்து போட்டு, மூடிட்டு அடுத்ததுக்குப் போங்க. செம்மண், களிமண் பூமியில கம்பியால 15 செ.மீக்கு ஒரு குத்து குத்தி ஊத்துவாங்க. நம்ம மணல்ல கம்பிய உருவுன உடனே ஓட்டை மூடிக்கிரும். அதனால தோண்டுன மண்ணையே 15 செ.மீ கனத்துக்கு ஒவ்வொரு படையா திருப்பிப் போட்டு, ஒவ்வொரு படைக்கும் பூவாளியில ஊத்துறதுதான் சரி.

உள்பக்கம்: தரையும் செவுரும் சேர்ற மூலையில 12 எம்எம் பிட் போட்டு 30 செ.மீக்கு ஒரு ஓட்டை. டைல்ஸ், கான்கிரீட் ரெண்டையும் தாண்டி மண்ணத் தொடணும். நிறைய பேரு டைல்ஸுக்கு அடியில இருக்க கலவையோட நிறுத்திட்டு மருந்த அடைப்பாங்க, அது டைல்ஸ் இடுக்குல பொங்கி வெளிய வரும். பொங்குனா ஓட்டை ஆழம் பத்தலைன்னு அர்த்தம்.

ஓட்டை போடுறதுக்கு முன்னால தண்ணிக் குழாய், கரண்ட் குழாய் போற இடத்த சாக்பீஸால தரையில கோடு போட்டுக்கோங்க. குளியலறை செவுத்த ஒட்டுன இடத்துல ரொம்பக் கவனம்.

#4 கீழக்கரை_சிவில்

கொத்தனார் அண்ணன் சொன்ன முறை, கட்டடக் கரையான் தடுப்புக்கான இந்தியத் தரம் (IS) 6313 மூன்றாம் பாகத்தில் இருப்பதுதான், கட்டி முடித்த வீட்டுக்கு உரியது. அளவுக் கணக்கை நான் போடுகிறேன். ஏமாற்று முழுக்க இங்கேதான் நடக்கிறது.

வெளிச்சுற்று: 9 + 12 + 9 + 12 = 42 மீட்டர். மண்ணோடு ஒட்டிய கடைக்கால் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். ஆழம் 0.5 மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 3.75 லிட்டர். 42 மீட்டருக்கு 157.5 லிட்டர் கலவை.

உள்ளே: அறை அறையாக அளந்து கூட்டினால் இந்த அளவு வீட்டில் சுவர் மூலை நீளம் ஏறக்குறைய 80 மீட்டர் வரும். 30 செ.மீக்கு ஒன்று என்றால் 267 ஓட்டை. ஓட்டைக்கு அதிகபட்சம் 1 லிட்டர். ஆக 267 லிட்டர்.

மொத்தம் 425 லிட்டர் கலவை. இதற்கு எவ்வளவு மூல மருந்து வேண்டும் என்று பாருங்கள். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்சி (எண் மருந்தின் சதவீதம், எஸ்சி என்பது நுண்துகளாக மிதக்கும் வகை) லிட்டருக்கு 2.1 மில்லி, 425க்கு சுமார் 890 மில்லி. பைபென்திரின் 2.5 ஈசி (கரைப்பானில் கரைத்த, தண்ணீரில் பால் போலக் கலங்கும் வகை) லிட்டருக்கு 20 மில்லி, 8.5 லிட்டர். குளோர்பைரிபாஸ் 20 ஈசி ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர், 21 லிட்டருக்கு மேல். வருகிறவர் இமிடாகுளோபிரிட் 250 மில்லி பாட்டில் ஒன்றைக் காட்டி "முழு வீடும் முடிஞ்சிரும்" என்றால், அவர் அடிப்பது கால் பங்கு வீரியம். அதற்கு 10 வருஷம் எழுதிக் கொடுத்தாலும் தாளைச் செல் தின்ன வேண்டியதுதான்.

சீல் உடைக்காத பாட்டில் உங்கள் கண் முன்னால் உடைபட வேண்டும். தயாரிப்புத் தேதி, காலாவதி, பதிவு எண் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பீப்பாயின் கொள்ளளவையும் எழுதிவைத்து, எத்தனை பீப்பாய் காலியானது என்று எண்ணுங்கள்.

#5 உச்சிப்புளி_கொத்தனார்

அதோட இன்னொண்ணு. களிமண்ல ஓட்டைக்குள்ள மருந்து போகாம எதிர்க்கும், அப்ப நிறுத்திருவோம். மணல்ல எதிர்க்கவே எதிர்க்காது, கிணறு மாதிரி குடிச்சிக்கிட்டே இருக்கும். பம்பு அடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னால 1 லிட்டர் மக்குல பிடிச்சு எத்தன அடிக்கு நிறையுதுன்னு எண்ணிக்கோங்க. அத்தன அடியோட அடுத்த ஓட்டைக்குப் போயிரணும்.

#6 பெரியபட்டினத்தான்

நன்றி கீழக்கரை காக்கா, நன்றி கொத்தனாரண்ணே. மூணு மருந்துல எது? கிணறு 8 மீட்டர்ல இருக்கு, ஐப்பசி மழையில தண்ணி கையெட்டுற உயரத்துக்கு வந்துரும்.

#7 தொண்டி_வேதியியல்

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நம் கடலோரத்தில் குடிக்கிற தண்ணீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நல்லநீர்ப் படலம். மேலே எதை ஊற்றினாலும் நேராக அதில்தான் இறங்கும். வடிகட்டக் களிமண்ணும் இல்லை, மக்கிய இலைதழையும் இல்லை.

இமிடாகுளோபிரிட்: தண்ணீரில் லிட்டருக்கு அரைக் கிராமுக்கு மேல் கரையக்கூடியது. மணலில் மழையோடு இறங்கிப் போகும். திறந்த வெளியில், கிணற்றுப் பக்கம் இதை வைக்க மாட்டேன். ஆனால் கரையானுக்கு இது இருப்பதே தெரியாது. அதில் நடந்து, உடம்பில் ஒட்டிக்கொண்டு, நக்கிக் கொடுத்துக் கூட்டத்தில் மற்றதுக்கும் பரப்பும். தரைக்கு அடியில் எங்கே இடைவெளி விட்டோம் என்று நமக்குத் தெரியாத இடத்துக்கு இதுதான் பொருத்தம். கூரைக்குக் கீழே மழை படாததால் இறங்கவும் வழி குறைவு.

பைபென்திரின்: தண்ணீரில் அநேகமாகக் கரையாது, மண் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு கலந்த சிப்பி மணலிலும் சிதையாமல் நிற்கும். கரையான் இதை உணர்ந்து விலகிப் போகும், ஆகவே ஒரு சாண் இடைவெளி விட்டாலும் அதைத் தேடி நுழையும். முழுசாகத் தோண்டி இடைவெளியில்லாமல் போட முடிகிற வெளிச்சுற்றுக்கு இது. மீன், இறால், நண்டுக்குக் கொடிய நஞ்சு. மிச்சக் கலவையையோ பீப்பாய் கழுவிய தண்ணீரையோ ஓடையில், உப்பாற்றில், கடலில் விட்டுவிடாதீர்கள். கருவாடு காயவைக்கும் இடத்துப் பக்கம் தெளிப்பு வேலையே வேண்டாம்.

குளோர்பைரிபாஸ்: காரத்தன்மை உள்ள மண்ணில் சீக்கிரம் உடையும். நம் கடற்கரை மணலில் சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்திருப்பதால் காரம் அதிகம். குடிநீர்க் கிணறு இருக்கிற வீட்டில் இதன் பேச்சே வேண்டாம்.

கலக்கும் தண்ணீரையும் கவனியுங்கள். ஈசி வகை மருந்து உப்புத் தண்ணீரில் திரிந்துபோகும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அதே விகிதத்தில் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். பால் போல ஒரே சீராக இருந்தால் சரி. மேலே ஆடையோ கீழே படிவோ கண்டால் அந்தத் தண்ணீர் ஆகாது, லாரித் தண்ணீர் வாங்கிக் கலக்குங்கள்.

#8 புற்றடி

வேதியியல் ஐயாவோடு ஒரு இடத்தில் மட்டும் உடன்படவில்லை. உள்ளே விலக்காத மருந்து, வெளியே விலக்கும் மருந்து, இரண்டையும் ஒரே நாளில் போட்டால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். வெளியே விரட்டப்பட்ட கரையான் உள்ளே இருக்கும் மருந்தைத் தொடாமலே திசை மாறிவிடும். உள் வேலையை முதலில் முடித்து, 3 வாரம் விட்டு, பழைய பாதைகள் காய்ந்ததைப் பார்த்த பிறகு வெளிச்சுற்றை மூடலாம்.

#9 தொண்டி_வேதியியல்

ஏற்கிறேன். அப்படியானால் உள்ளுக்கு இமிடாகுளோபிரிட் 560 மில்லி, வெளிக்கு பைபென்திரின் 3.15 லிட்டர் வாங்கினால் போதும்.

கிணற்றைப் பார்த்த தென்சுவர் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பூவாளிகூட வேண்டாம். தோண்டிய மணலைத் தார்ப்பாய் மேல் குவித்து, அதிலேயே 45 லிட்டர் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து மண்வெட்டியால் சிமென்ட் கலவை கலப்பது போலப் புரட்டுங்கள். பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம் வரவேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் 2 பாண்டு (இரும்புச்சட்டி) காய்ந்த மணல் சேருங்கள். பிறகு வானத்துக்குள் திருப்பிப் போட்டு அமுக்கி, மேலே 10 செ.மீ மருந்தில்லாத மண். திரவமாக எதுவும் கீழே இறங்காது. வேலை நடக்கும்போது கிணற்றுக்கு மூடி, கயிறும் வாளியும் வீட்டுக்குள்.

சுவரை ஒட்டி 75 செ.மீ அகலத்துக்கு, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, கான்கிரீட் மேடை போட்டுவிட்டால் மழை அந்த மணலைக் கழுவாது. புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். மழை தொடங்கி மண் நனைந்துவிட்டால் தைக்குத் தள்ளிவையுங்கள்.

#10 ஏர்வாடி_ரவுண்டானா

வாசனை தூக்கலா அடிச்சாத்தான மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்? இந்தப் புது மருந்துல வாசமே இல்லையே.

#11 தொண்டி_வேதியியல்

வாசம் பெரும்பாலும் கரைப்பானுடையது தம்பி, அது மருந்தின் வீரியத்துக்கு அளவு அல்ல. மண்ணெண்ணெய் ஊற்றினாலும்தான் மூக்கைத் துளைக்கும். பட்ட கரையான் சாகும், ஆனால் தடுப்பாக நிலைத்து நிற்காது, பாதை மறுபடி ஏறும். பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவது அதைவிட மோசம், அது கிணற்றுக்குப் போகும்.

#12 மண்டபம்_ஆசாரி

இப்ப பனங்கைக்கு வருவோம்.

பனையில வைரம் (கெட்டி மரம்) வெளிப்பக்கம், சோறு (மெத்து மரம்) உள்பக்கம். செல் திங்கிறது சோத்தத்தான். வெளிய தட்டிப் பார்த்தா கல்லு மாதிரி இருக்கும், உள்ள கூடு. அதனால கையோட அடிப்பக்கத்த ஸ்க்ரூ டிரைவர் பிடியால சாண் சாணா தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேட்டா நல்ல மரம், பொத்துன்னு கேட்டா அங்க சாக்பீஸ் குறி. குறி ஒரு முழத்துக்கு மேல தொடர்ந்து வந்தா ஊசி போட்டுப் பிரயோஜனமில்ல, கைய மாத்துங்க. பாரம் தாங்குற மரம் அது.

ஊசி போடுற கைக்கு: 3 எம்எம் பிட், 15 செ.மீக்கு ஒரு ஓட்டை, நேர்கோட்டுல போடாம மேலயும் கீழயும் மாத்தி மாத்தி, சாய்வா. பிட் பொசுக்குன்னு உள்ள விழுந்தா குடைஞ்ச பாதையத் தொட்டாச்சு. அந்த ஓட்டையில பிளாஸ்டிக் மூக்கு வச்ச சிரிஞ்சால மெதுவா ஏத்துங்க, பக்கத்து ஓட்டையில வெளிய வர்ற வரைக்கும். விழாத ஓட்டையில ஏத்தி லாபமில்ல. ஊசிக்கு எண்ணெயில கலந்ததுதான் நல்லா ஊறும். ஆனா எண்ணெய் மருந்து ஏத்துன அன்னைக்கும் மறுநாளும் அந்தக் கட்டுல அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. முடிஞ்சதும் மெழுகும் மரத்தூளும் குழைச்சு ஓட்டைய அடைங்க.

பொடி உடனே நிக்காது. செத்த பிறகும் ஓடு அதிர்ற போதெல்லாம் பழைய பொடி உதிரும். கீழ பேப்பர் விரிச்சு தேதி எழுதி வாரத்துக்கு ஒருதரம் மாத்துங்க. ஒவ்வொரு வாரமும் குறைஞ்சுக்கிட்டே வந்தா சரி. ஒரு மாசம் கழிச்சும் அதே அளவு விழுந்தா விட்டுப்போன கூடு இருக்கு.

புதுசா மாத்துற கைக்கு போரிக் அமிலம் 400 கிராம், வெண்காரம் 600 கிராம், 10 லிட்டர் வெந்நீர். ரெண்டு தடவ, நடுவுல ஒரு நாள் விட்டு, அறுத்த முனையில தாராளமா பூசுங்க. இது மழை பட்டா கரைஞ்சு போகும், ஓட்டுக்கு உள்ள இருக்க மரத்துக்கு மட்டும்தான். இறவாரத்துல வெளிய நீட்டுற முனைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். கேரம் போர்டு பவுடரும் போரிக்தானேன்னு சில பேரு மேல தூவி விடுவாங்க. காஞ்ச பவுடர் மரத்துக்குள்ள போகாது, பல்லி மேலதான் விழும்.

நிலைக்காலு: நம்ம பக்கம் நிலையோட அடிய ரெண்டு அங்குலம் தரைக்குள்ள புதைக்கிற பழக்கம் இருக்கு. செல்லுக்கு நாமளே படி கட்டிக் கொடுக்கிறோம். அடிய அறுத்துட்டு கருங்கல் துண்டு மேல நிக்க வைங்க. செவுத்தோட ஒட்டுற முதுகுப் பக்கத்துக்குத் தார் எண்ணெய் 2 கோட். தேக்குன்னு நம்பி விட்டுராதீங்க, தேக்குல வெள்ள (வைரத்தச் சுத்தி இருக்க வெளிர் மரம்) இருந்தா அத முதல்ல திங்கும். வேம்பு, பூவரசு எல்லாத்துக்கும் இதே கதைதான், வைரம் நிக்கும், வெள்ள போகும்.

#13 பாம்பன்_தோணி

ஆசாரி அண்ணே, கடல் தண்ணி உப்பு, அதனால தோணியில செல் பிடிக்காதுன்னு பெருசுங்க சொல்றது?

#14 புற்றடி

பிடிக்கும். மண்ணடிக் கரையானிலேயே ஒரு வகை, மரத்துக்குள் எங்காவது ஓயாத ஈரம் கிடைத்தால் மண்ணே தேவையில்லாமல் கூடு கட்டிவிடும். படகு வழியாகவே அது துறைமுகத்துக்குத் துறைமுகம் பரவியிருக்கிறது. கரையேற்றிப் பல மாதம் கிடக்கும் தோணியில், மழைத்தண்ணீர் தேங்கும் மூலைகளைப் பாருங்கள். இதே காரணத்தால் மாடி வீட்டில் தரையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மேல்தளத்தில் செல் வரும். மேல்நிலைத் தொட்டிக் கசிவு, ஏசி தண்ணீர் வடியும் சுவர், குளியலறைக் குழாய் மூன்றையும் முதலில் அடையுங்கள். கசிவு இருக்கும்வரை மருந்து வீண்.

#15 தங்கச்சிமடம்_புதுவீடு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தென்னந்தோப்பை மனையாக்கி இருக்கிறோம். 9க்கு 12 அளவில் பில்லர் வீடு, இன்னும் வானம் தோண்டவில்லை. இப்போதே என்ன செய்வது?

#16 கீழக்கரை_சிவில்

முதல் வேலை மருந்தல்ல, தூர். வெட்டிய தென்னையின் தூரும் வேர்க்கட்டையும் மனைக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, பொக்லைன் வைத்துப் பெயர்த்து வெளியே தள்ளுங்கள். மண்ணுக்குள் விட்ட தூர்தான் கரையானின் முதல் சாப்பாடு. அது தீர்ந்ததும் உங்கள் நிலைக்கு வரும். சென்ட்ரிங் பலகைத் துண்டு, அளவு முளைக்குச்சி, சிமென்ட் காகிதப் பை, எதையும் பேஸ்மட்டத்துக்குள் போட்டு மூட விடாதீர்கள். நிரவலுக்குக் கடல் மணல் வேண்டவே வேண்டாம். அள்ளத் தடை என்பது ஒருபுறம், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தரை எப்போதும் ஓதம் காக்கும்.

மருந்து 6313 இரண்டாம் பாகத்தின்படி. பில்லர் வீட்டில் குழியின் அடிவரை போக வேண்டியதில்லை, தரைமட்டத்துக்கு 50 செ.மீ கீழிருந்து தொடங்கி பில்லரையும் பீமையும் ஒட்டிய மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். பேஸ்மட்டத்துக்குள் கிராவல் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேற்பரப்பு காய்ந்த பிறகு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். உங்கள் 108 சதுர மீட்டருக்கு 540 லிட்டர். இறுகிய கிராவலில் தண்ணீர் தேங்கி நின்றால் 12 எம்எம் கம்பியால் 15 செ.மீக்கு ஒரு குத்துக் குத்தி விடுங்கள். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலை, கான்கிரீட் போட்டு மூடிவிட வேண்டும். மூடின பிறகு குழாய்க்காரர் வந்து தரையைக் கொத்தினால் அந்த இடத்துக்குத் திரும்ப மருந்து. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

#17 சாயல்குடி_வேம்பு

வீட்டுக்கு 5 மீட்டர்ல பெரிய புத்து. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற புத்து, இடிக்கச் சொல்லாதீங்க.

#18 புற்றடி

இடிக்கவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். புற்றின் கனஅளவில் கன மீட்டருக்கு 4 லிட்டர் என்பது புத்தகக் கணக்கு, ஆனால் இடித்தாலும் ராணி ஆழத்தில் தப்பிவிட்டால் திரும்ப எழும், நடுவில் பாம்பு வேறு. வீட்டைச் சுற்றித் தடுப்பு ஒழுங்காக இருந்தால் புற்று அதன்பாட்டுக்கு இருக்கட்டும். புற்றுக்கும் சுவருக்கும் இடையில் விறகு, ஓலை, கிடுகு அடுக்காமல் இருங்கள். இரைப்பொறி (மருந்து கலந்த இரை வைத்த பெட்டி) வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். புற்றுக்குள் காளான் வளர்த்துத் தின்னும் இனம் அது, பொறியைப் பெரும்பாலும் சீண்டாது.

#19 பெரியபட்டினத்தான்

கடைசியா ரெண்டு. முன்னறை சுவிட்ச் பெட்டிக்குள்ளயும் மண் தெரியுது, அந்தக் குழாய்க்குள்ள மருந்து விடலாமா? அப்புறம், டைல்ஸ்ல போட்ட 267 ஓட்டைய எதை வச்சு அடைக்கிறது?

#20 உச்சிப்புளி_கொத்தனார்

கரண்ட் குழாய்க்குள்ள ஒரு சொட்டுகூட விடாதீங்க, உயிர்ச்சேதம். மெயின ஆஃப் பண்ணி, எலக்ட்ரீசியன வச்சு பெட்டியக் கழட்டி, காஞ்ச பிரஷ்ஷால மண்ண எடுத்துட்டு, குழாய் தரைக்குள்ள இறங்குற இடத்துக்கு ரெண்டு பக்கமும் 15 செ.மீ தள்ளி ஓட்டை போட்டு மண்ணுக்கு மருந்து கொடுங்க. பெட்டிக்குள்ள குழாய் வாயில ஒயரச் சுத்தி சிலிக்கான் அடைச்சிருங்க.

டைல்ஸ் ஓட்டைக்கு: முதல்ல ஒரு அங்குலம் விட்டு கீழ வரைக்கும் சிமென்ட் கலவை. மறுநாள் மேல வெள்ள சிமென்ட்டோட டைல்ஸ் கலருக்கு ஏத்த பவுடர். ஸ்கர்ட்டிங்குக்கு ஒட்டி வர்ற மாதிரி ஓட்டை போட்டிருந்தா கண்ணுக்கே தெரியாது. ரெண்டு நாளைக்கு தரையத் தண்ணி விட்டுக் கழுவாதீங்க, ஈரத்துணியால துடைங்க போதும்.